வளையம் போடாமல் விட்ட சிட்டு

முப்பது வயதில் ஓய்வுபெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ராஜினாமா செய்தவள் என்பதுதான் சரி. ஆனால் போன வாரம் பழைய அலுவலகத்திலிருந்து போனில் அழைத்த பவித்ரா அப்படித்தான் சொன்னாள்.

"ரிட்டயர்டு ஆனவங்க எல்லார்கிட்டயும் ஒரு கட்டுரை வாங்குறோங்க்கா. வலை போட்ட காலத்து அனுபவம். நாலு பக்கம் போதும்."

"எல்லாரும்னா யார் யாரு?"

"நீங்களும் டிரைவர் சின்னச்சாமி அண்ணனும்."

"அண்ணன் எழுதறாரா?"

"அவரு சொன்னாரு, நான் எழுதிக்கிட்டேன். பத்து நிமிசத்துல முடிஞ்சுபோச்சுங்க்கா. நீங்கதான் பாக்கி."

நான் ஐந்து நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாப்பா விளையாட்டுப் பள்ளிக்குப் போகிற மூன்று மணி நேரம்தான் எனக்குக் கிடைப்பது. அதில் முதல் அரை மணி, அவளுடைய தண்ணீர் பாட்டில் மூடியைச் சரியாகத் திருகினேனா என்ற யோசனையில் போய்விடும்.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் பறவை ஆய்வு அறக்கட்டளை, ஆனைமலையில் வலை கட்டிப் பறவை பிடிப்பதை இந்த ஆண்டோடு நிறுத்துகிறது. இனி மரத்தில் கட்டிவைத்த ஒலிப்பதிவுப் பெட்டி கேட்கும். கணினி பெயர் சொல்லும். யாரும் எந்தப் பறவையையும் தொட வேண்டியதில்லை. நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். நல்ல முடிவா என்று இன்னொரு முறை யோசித்தும் பார்த்தேன். அப்போதும் நல்ல முடிவாகத்தான் பட்டது.

படிப்பு, பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலங்கியலில் முதுகலை முடித்தேன். காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையில் பில் போட எட்டு மாதம் உட்கார்ந்தேன். பிறகு இந்த வேலை கிடைத்தது. பத்து நாள் மலையில், நான்கு நாள் வீட்டில். முதல் ஆண்டு முழுக்க மூங்கில் கம்பு நட்டேன். இரண்டாம் ஆண்டில்தான் பறவையைக் கையில் கொடுத்தார்கள்.

வலை என்றதும் மீன் வலையை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது தலைமுடியைவிடச் சற்றே தடித்த கறுப்பு நூல். பன்னிரண்டு மீட்டர் நீளம். இரண்டு கம்புகளுக்கு நடுவே மர நிழலில் கட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பறவைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முதல் மாதத்திலேயே இரண்டு தடவை நான் போய் விழுந்தேன். வசந்தா மேடம் என்னையும் பறவையைப் பிரிப்பதுபோலவே முதலில் காலை விடுவித்து, பிறகு கையை விடுவித்து, கடைசியாகத் தலையை எடுத்தார். பிரித்து முடித்ததும் வலையில் சேதம் இருக்கிறதா என்று பார்த்தார்.

வசந்தா மேடம் எங்கள் கள ஆய்வின் தலைவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பீளமேட்டில் மில் நடத்திய நாயுடு குடும்பம். அவர் காட்டில் சிட்டுக்குருவி எடை போடுகிறார் என்று உறவினர்களிடம் சொல்ல வீட்டாருக்குச் சங்கடம். 'ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்டில் பெரிய போஸ்ட்' என்று சொல்லிவைத்திருந்தார்கள். மேடம் அதை மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமென்றால் பேச வேண்டும்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏதாவது பிடிக்கவில்லை என்றால், "மணி என்ன?" என்று கேட்பார். அவர் கையிலும் கடிகாரம் இருக்கும். ஆனாலும் நாம்தான் நம் கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்தோடு சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்ன தப்பு செய்தோம் என்பது நமக்குத் தெரிந்துவிடும். அறக்கட்டளைச் செயலாளர் ஒருமுறை மலைக்கு வந்து ஒன்றே கால் மணி நேரம் பேசினார். மேடம் அவரிடமும் கேட்டார்.

வேலையின் ஒழுங்கு அவருக்கு வேதம். விடியும்போது வலையைத் திறக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். காற்று அடித்தாலும் தூறல் போட்டாலும் சுருட்டிவிட வேண்டும். பல பறவைகள் விழுந்திருந்தால் சின்னதை முதலில் எடுக்க வேண்டும். எடுத்ததைத் துணிப்பையில் போட்டு மேசைக்குக் கொண்டுவந்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி, இறக்கையும் அலகும் அளந்து, எடை பார்த்து விட வேண்டும். சிட்டு வகை என்றால் எட்டு நிமிடத்துக்குள்.

எடை போடுவதற்கு மேடத்தின் வழி தனி. தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டுவார். பறவையைத் தலைகீழாக அதற்குள் இறக்கினால் இருட்டில் அசையாமல் இருக்கும். கிழிப்பதற்கு முன்னால் ராசிபலனைச் சத்தமாக வாசிப்பது சின்னச்சாமி அண்ணனின் உரிமை. அவர்தான் எங்களுக்கு டிரைவர், சமையல், எல்லாமும்.

"இன்னிக்கு மிதுனத்துக்கு அலைச்சல்னு போட்டிருக்குதுங்க மேடம்."

"பறவைக்கு என்ன ராசி அண்ணா?" என்பேன் நான்.

"அதுக்குத் தினமும் அலைச்சல்தானுங்களே. தனியா எதுக்குப் பலன் போடோணும்?"

மேடம் சிரிக்க மாட்டார். எடையைத் தாளின் பின்பக்கம் எழுதிப் பதிவேட்டில் ஒட்டுவார்.

எங்கள் ஆய்வு முக்கியமாகச் சின்னத் தேன்சிட்டைப் பற்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஆண் பறவைக்கு முதுகு கருஞ்சிவப்பு, தொண்டை ஊதா, வயிறு மஞ்சள். பெண் மங்கலான பச்சை, வால் தொடங்குகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. எடை ஐந்து கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் புல்லுருவி பூக்கும். அந்தப் பூக்களில் தேன் குடிக்க இந்தச் சிட்டுகள் இறங்கும். நாங்கள் அங்கேதான் வலை கட்டுவோம்.

இந்தப் பறவையில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பு சின்னது, எரிவது அதிகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் கணக்கில் பட்டினி. அதனால் மேடம் இன்னொரு விதியும் வைத்திருந்தார். கையில் எடுத்ததும் முதலில் வயிற்றில் ஊத வேண்டும். இறகு விலகி உள்ளே தோல் தெரியும். அடைகாக்கும் பெண்ணாக இருந்தால் வயிற்றில் இறகு உதிர்ந்து, தோல் வீங்கி, சுருக்கம் விழுந்திருக்கும். முட்டைக்கும் குஞ்சுக்கும் சூடு கொடுக்கிற இடம் அது. அதைப் பார்த்துவிட்டால் அளவெல்லாம் கிடையாது, உடனே விட்டுவிட வேண்டும். கூட்டில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பி மூன்றாவது முறை மலைக்குப் போயிருந்தேன். பாப்பாவுக்கு எட்டு மாதம். கணபதியில் எங்கள் வீட்டில் அத்தையின் பொறுப்பில் இருந்தாள். மலையில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில்தான். காலை ஐந்தரை மணிக்கு அங்கே போய் நின்று பேசினேன்.

"காச்சல் எல்லாம் இல்ல கண்ணு. ஒடம்பு கொஞ்சம் சூடா இருக்குது, அவ்ளோதான்."

"தெர்மாமீட்டர் வெச்சீங்களா அத்தை?"

"வெச்சேன். தொண்ணூத்தொம்பது."

"இன்னொருக்கா வெச்சுப் பாருங்க."

"நாலு தடவ வெச்சுப்போட்டேன் கண்ணு. இனி வெச்சா அந்தத் தெர்மாமீட்டருக்குத்தான் காச்சல் வரும். நீ போயி உன் குருவியப் பாரு."

குருவியைப் பார்க்கப் போனேன். மனம் இங்கே இல்லாததால் வேலையில் தப்பு வந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று எல்லாவற்றையும் கூடுதல் கவனத்தோடு செய்வது என்று தீர்மானித்தேன். நடந்த தப்புக்குக் காரணம் அந்தத் தீர்மானம்தான்.

தை மாதக் கடைசி. மூட்டம் இன்னும் விலகவில்லை. மேடம் மேல் வலைக்குப் போயிருந்தார். கீழ் வலையில் ஒரு பெண் தேன்சிட்டு விழுந்திருந்தது. ஏழு ஐம்பதுக்குப் பிரித்தெடுத்தேன். எடுத்த நேரத்தை எழுதினேன். மேசைக்கு வந்து வயிற்றில் ஊதினேன். இறகு இல்லை. வெறும் தோல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கூட்டை விட்டு வந்து சில வாரங்களே ஆன இளம் பறவைக்கும் வயிற்றில் இறகு முளைத்திருக்காது. அதற்கும் வெறும் தோல்தான். பார்த்த மாத்திரத்தில் ஏமாந்துவிடலாம். தாயின் தோல் வீங்கிச் சுருங்கியிருக்கும், இளம் பறவையின் தோல் வழவழப்பாக இருக்கும். புத்தகத்தில் படம் தெளிவாக இருக்கிறது. கையில் இருந்ததோ மூட்டத்தில் நனைந்த பறவை. ஈரத்தில் எல்லாத் தோலும் சுருங்கித்தான் தெரிந்தது.

தாய் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இளம் பறவையைத் தாய் என்று எழுதிவிட்டால்? வளையம் போடாமல், அளக்காமல் விட்டுவிட்டு, அது இளம் பறவை என்று பிறகு தெரிந்தால்? மேடம் மணி கேட்பார். வாயோரத்தைப் பார்த்தேன். இளம் பறவைக்கு மஞ்சள் தசை இருக்கும். கொஞ்சம் மஞ்சளாக இருந்தது மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன், இல்லை மாதிரி இருந்தது. இறக்கையை விரித்து இறகின் தேய்மானத்தைப் பார்த்தேன். அளந்தேன். நாற்பத்தாறு மில்லிமீட்டர் வந்தது. மறுபடி அளந்தேன், நாற்பத்தைந்தரை. இரண்டில் எது என்று தெரிய மூன்றாவது தடவை அளந்தேன். கையேட்டில் அந்தப் பக்கத்தை இடது கையால் புரட்டினேன். மறுபடி வயிற்றில் ஊதினேன். எல்லாம் முறைப்படிதான். ஒவ்வொன்றையும் சரியாகச் செய்துகொண்டிருந்தேன்.

பின்னால் மேடத்தின் குரல் கேட்டது.

"கௌரி. மணி என்ன?"

எட்டு இருபத்தொன்று.

முப்பத்தொரு நிமிடம். அதைச் சொல்லி முடித்தபோதுதான் விரல்களுக்கு நடுவே இருந்த பறவை துடிக்காமல் இருப்பதைக் கவனித்தேன். கண் பாதி மூடியிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கால் விரல்கள் எதையும் பிடிக்கவில்லை.

மேடம் குனிந்து, என் கையிலிருந்து வாங்காமலே, அதன் வயிற்றில் ஒரு தடவை ஊதினார்.

"குஞ்சு இருக்கு இதுக்கு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அரை மணி நேரத்தில் ஆகாதது அவருக்கு ஒரு மூச்சில் ஆனது.

"செத்துருச்சுங்களா மேடம்?"

"சில்லுனு இருக்கு. கழுத்துகிட்ட வெச்சுக்கோ. தாவணியோ துப்பட்டாவோ ஏதாச்சும் மேல போடு. அண்ணா, சர்க்கரைத் தண்ணி."

சின்னச்சாமி அண்ணன் ஏற்கெனவே கலக்கிக்கொண்டிருந்தார். நாலு பங்கு தண்ணீர், ஒரு பங்கு சர்க்கரை. டீ கிளாஸில் கலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் துப்பட்டாவுக்குள் தொண்டைக்குழி ஓரம் அதை வைத்துக்கொண்டேன். ஈரமான பொத்தான் ஒன்றை வைத்ததுபோல இருந்தது. வீட்டிலிருந்தால் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்ததால் என் சட்டை நனைந்துகொண்டிருந்தது. அண்ணன் கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், தாய்தான்னு எனக்கு முதல்லயே தோணுச்சுங்க. சரிதானான்னு பாத்துட்டு…"

"தெரியும். இறக்கை அளவு மூணு தடவ எழுதியிருக்க."

சொட்டுக் குழாயால் அலகின் நுனியில் ஒரு துளி வைத்தோம். துளி அப்படியே நின்றது. இரண்டாவது துளியும் வழிந்து என் விரலில் இறங்கியது. மூன்றாவதை வைக்கும்போது தொண்டையில் ஏதோ அசைந்தது. பிறகு நாக்கு வந்தது. தேன்சிட்டின் நாக்கு நூல்போல நீளம். அது வெளியே வந்து துளியைத் தொட்டு உள்ளே போனது. அண்ணன், "குடிக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

எட்டு முப்பத்திரண்டுக்குக் கண் முழுதாகத் திறந்தது. விரலை நகங்களால் பிடித்தது. வலித்தது. வலித்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

அப்போது மேடம் வளையங்கள் கோத்த கம்பியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் இடுக்கியையும் வைத்தார்.

"வளையம் போட ரெண்டு நிமிசம் ஆகும்" என்றார். "போட்டா, பின்னால கூடு கெடைச்சா, அதுல பாத்து இதுதான்னு சொல்லலாம். போடலைன்னா இப்பவே உட்டர்லாம். நீதான் கையில வெச்சிருக்க. நீயே சொல்லு."

அதுவரை அவர் எந்த முடிவையும் என்னிடம் விட்டதில்லை. விதி இருக்கும், அதன்படி நடக்கும். தாய்ப்பறவை என்றால் உடனே விட வேண்டும் என்பதும் அவருடைய விதிதான். ஆனால் அந்த 'உடனே' போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இனி விதி இல்லை.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. எதையுமே தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்க முடியாது. வளையம் இருந்தால் இன்று மாலைக்குள் தெரிந்துவிடும், பிழைத்ததா, கூட்டுக்குப் போனதா என்று. இரண்டு நிமிடம்தான். ஆனால் வளையம் மாட்ட அதை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இப்போதுதான் மூச்சு சீராகியிருக்கிறது. கையில் அதன் நெஞ்சு அடித்தது. எண்ணினேன். எண்ண முடியவில்லை.

"விட்டர்லாங்க மேடம்" என்றேன்.

"செரி."

கையை விரித்தேன். ஒரு கணம் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு பறந்தது. கூடு எந்தப் பக்கம் இருக்கும் என்று நாங்கள் நினைத்தோமோ அந்தப் பக்கம் இல்லை. நேர் மேலே, சில்வர் ஓக் உச்சிக்குப் போய் மூட்டத்தில் மறைந்தது. மணி எட்டு முப்பத்தைந்து.

"கூடு எங்கே இருக்குன்னே தெரியலையே மேடம்" என்றேன்.

சின்னச்சாமி அண்ணன் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, "பம்பு ரூம்புக்குப் பின்னால ஒண்ணு தொங்குதுங்களே" என்றார்.

மேடம் திரும்பிப் பார்த்தார். "எப்போ பாத்தீங்க?"

"நாலஞ்சு நாளாச்சுங்க. ஜீப்புக் களுவையில பாத்தனுங்க. உள்ள ரெண்டு பொடுசு இருக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் பெரிய பெரிய ஆராச்சியில இருந்தீங்க. இதப் போயிச் சொல்லி என்னத்துக்குத் தொந்தரவு பண்றதுன்னு உட்டுப்போட்டேன்."

"மணி என்ன அண்ணா?" என்றார் மேடம்.

"எட்டே முக்காலுங்க" என்றார் அண்ணன். அவர் ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி உறைக்காது.

வலைகளைச் சுருட்டிவிட்டு மூவரும் பம்பு அறைக்குப் போனோம். மண்சரிவிலிருந்து தொங்கிய பெரணி இலையின் நுனியில் கூடு இருந்தது. சிலந்தி நூலும் பாசியும் மரப்பட்டைத் தூளும் சேர்த்துத் தைத்த சின்னச் சுருக்குப்பை. வாசலுக்கு மேலே மழை விழாமல் ஒரு கூரை நீட்டம். மேடம் கிட்டே போக விடவில்லை. ஜீப்பை இருபதடி தள்ளி நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தோம்.

வாசலில் எதுவும் அசையவில்லை.

வலைக்குப் பக்கத்தில் நாங்கள் அறிந்த ஒரே கூடு இது. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கவில்லை என்றார் அண்ணன், ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நிற்கிறதாம். அந்தக் குளிரில் தாய் அடிக்கடி வந்து மேலே உட்கார வேண்டும். அது வலையில் விழுந்தது ஏழே முக்கால் வாக்கில். இப்போது ஒன்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

"ஆண் பறவை வந்து ஊட்டுங்களா மேடம்?"

"ஊட்டும். சூடு கொடுக்காது."

ஆண் பறவை வந்தது. பெரணிக்கு மேலே ஒரு கம்பியில் உட்கார்ந்தது. சத்தம் போட்டது. கூட்டுப் பக்கம் போகாமலே பறந்துவிட்டது. சின்னச்சாமி அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொலைநோக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒன்பதே கால். ஒன்பதரை. மேடம் ஒரு பாக்கெட் முறுக்கைப் பிரித்தார். மூவரும் சத்தம் வராமல் சாப்பிட முயன்றோம். முறுக்கில் அது முடியாது.

"நான் வளையம் போட்டிருக்கணுங்களா மேடம்?"

"கேக்காத."

"முதல்லயே விட்டிருந்தா…"

"கௌரி, ஒரு பறவைய வெச்சுக்கிட்டு எத்தன தடவதான் கொல்லுவ? அது இன்னும் சாகல."

திட்டா ஆறுதலா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை யோசிக்கிறேன்.

ஒன்பது ஐம்பதுக்கு, பெரணிக்குக் கீழே இருந்த செடியில் ஒரு பெண் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. வாயில் சின்னச் சிலந்தி. அங்கும் இங்கும் பார்த்தது. ஜீப்பைப் பார்த்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கூட்டின் வாசலில் போய்த் தொற்றிக்கொண்டு தலையை உள்ளே விட்டது. உள்ளே என்ன நடந்தது என்று தெரியவில்லை. குஞ்சுகள் வாயைத் திறந்தனவா, விறைத்துக் கிடந்தனவா என்று அதற்கு மட்டும்தான் தெரியும். முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

தலையை வெளியே எடுத்தபோது சிலந்தி இல்லை. அலகில் வெள்ளையாக ஏதோ உருண்டை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பறந்து, தூரத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

குஞ்சு தின்றதும் போடுகிற கழிவு, தோல் பைக்குள் இருப்பதுபோல உருண்டையாக வரும். தாய் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டும். செத்த குஞ்சு தின்னாது, போடவும் செய்யாது.

"டயபர் மாத்திப்போட்டுதுங்க" என்றார் சின்னச்சாமி அண்ணன்.

மேடம் சிரித்தார். அவரோடு வேலை பார்த்த இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த ஒரே சிரிப்பு. சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் அழுதுகொண்டிருந்தேன், அதுவும் சத்தமில்லாமல்தான். பறவை இரண்டாவது தடவை வந்தபோது உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. வாசலில் அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அறைக்குத் திரும்பியதும் பதிவேட்டை என் முன்னால் வைத்தார் மேடம். பிடித்த நேரம் ஏழு ஐம்பது, விட்ட நேரம் எட்டு முப்பத்தைந்து, கையில் இருந்தது நாற்பத்தைந்து நிமிடம். உள்ளபடியே எழுதினேன். அதைக் குறைத்து எழுதும் யோசனை எனக்கு வரவில்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது, ஆனால் எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்ய முடியவில்லை. குறிப்புக் கட்டத்தில் 'அதே பறவை 9.50க்குக் கூட்டுக்கு வந்தது' என்று எழுதப் போனேன்.

"அதேன்னு எழுதாத" என்றார் மேடம். "ஒரு பெண் பறவை வந்துச்சு. அதுதான் நமக்குத் தெரியும்."

"அதுதானுங்களே மேடம்? வேற எது வந்து அந்தக் கூட்டுல உக்காரும்?"

"நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். நெனைக்கிறத எழுதறதுக்கு இதுல கட்டம் இல்ல. நாம பிடிச்சது வேற ஏதோ கூட்டோட தாயாவும் இருக்கலாம். அந்தக் கூட்டப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த இன்னொரு கூட்டை நான் அதுவரை நினைக்கவே இல்லை. அன்றிலிருந்து அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதியதற்கு அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள். மேடம் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: 'மேற்பார்வை என்னுடையது.' அதற்குப் பிறகு இனப்பெருக்கக் காலத்தில் அந்த இடத்தில் வலை கட்டுவதை அவரே நிறுத்திவிட்டார். அவருடைய ஆய்வு அதனால் ஒரு பருவம் தள்ளிப்போனது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மணியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் கீழே இறங்கினேன். பாப்பாவுக்குப் பல் முளைத்திருந்தது. சூடு அதனால்தானாம். அந்தக் குஞ்சுகள் கூட்டை விடும் நாளைக் கணக்கிட்டு வைத்திருந்தேன். அந்த நாளில் நான் வீட்டிலும் மேடம் ஒரு கூட்டத்துக்காகச் சென்னையிலும் இருந்தோம். சாயங்காலம் சின்னச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கூடு என்னாச்சுங்கண்ணா?"

"காலிங்க அம்மணி. ரெண்டும் பறந்துபோச்சு."

"பறந்துச்சா, இல்ல பாம்பு கீம்பு…"

"ஏனுங்க அம்மணி, என் கண்ணால பாத்தனுங்க. காலையில ஏழு மணி இருக்கும். மொதல்ல ஒண்ணு வந்து வாசல்ல உக்காந்துச்சு. ஆத்தாக்காரி செடியில இருந்து கூப்புட்டா. டப்புனு போயிருச்சு. ரெண்டாவது கொஞ்சம் பயந்த புள்ளையாட்டங்க, உங்கள மாதிரி. அரை மணி நேரம் யோசன பண்ணுச்சு. அப்புறம் அதும் போயிருச்சு."

"நெசமாங்களாண்ணா?"

"நீங்க புள்ளையப் பாருங்க அம்மணி. நான் வெச்சர்றேன்."

அடுத்த முறை மலைக்குப் போனதும் பெரணியைப் போய்ப் பார்த்தேன். கூடு கிழியாமல் இருந்தது, காலியாக. பாம்பு எடுத்தாலும் கிழியாமல்தான் இருக்கும். பிறகு, செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்தேன். ஜீப்பின் லாக் புத்தகத்தை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து மறுநாள் மாலைவரை வண்டி உடுமலைப்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தது. ஸ்பிரிங் பிளேட் மாற்றியிருக்கிறார்கள். கீழே, வண்டியோடு அங்கேயே தங்கியதற்கு டிரைவர் கையெழுத்து, சின்னச்சாமி.

அண்ணனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து வேலையை விட்டேன். அதற்கும் இந்தப் பறவைக்கும் சம்பந்தமில்லை, பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள். மேடத்தின் பதிவேட்டில் அந்தக் கூட்டுக்கு நேராக, 'பறந்து சென்ற குஞ்சுகள்' என்ற கட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கும். யாரும் பார்க்காததை அதில் எழுத முடியாது.

என் சொந்த டைரியில் இரண்டு என்று எழுதியிருக்கிறேன்.